பன்னிரண்டாவதாக விழுபவன்

'விண்மதில்' மூன்று பாகமும்
முதல் நாளே பார்த்தவன் நான்,
கடலூர் ஓ.டி.யிலிருந்து வண்டி போட்டுக்கொண்டு போய்.
ஒன்று நன்றாயிருந்தது.
இரண்டில் தளபதி ஓர்வெக் துரோகியாகிறான்.
நல்ல மனுஷன் கெட்டுப்போக
பதினொரு நிமிடம் கொடுத்திருந்தார்கள்.
மூன்றில் எல்லாம் வெடித்தது.
கிரகம் சிதறியபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை.
ஸ்டாண்டில் வண்டி டோக்கனைத் தொலைத்ததுதான்
அன்றைக்கு நடந்த துயரம்.

"அதுக்கு ஒரு கார்ட்டூன் வந்திருக்கு, பாருங்க"
என்றார் பாய்லர் பிரிவு இருதயராஜ்,
கம்பெனி பஸ் குடிகாட்டைத் தாண்டும்போது.
ஐம்பத்திரண்டு வயது. சர்க்கரை. இரண்டு பேரப்பிள்ளைகள்.
சின்னப் பிள்ளை சமாச்சாரம் என்றேன்.
"ரெண்டாவது சீசன் வரைக்கும்
வாயை மூடிக்கிட்டுப் பாருங்க."

மூடிக்கொண்டு பார்த்தேன்.
முதல் சீசன் சுமார்தான், மறைக்க என்ன இருக்கிறது.
தண்ணீர் பாலிதீன் பையாக அசைந்தது.
யார் நடந்தாலும் முட்டி மடங்கவில்லை.
ஒரு தவளை வேறு, ஜோக் அடித்துக்கொண்டு.
காசு இல்லாதது தெரிந்தது.
நேரம் இருந்தது அவர்களிடம்
என்பது தெரியக் கொஞ்சம் நேரமானது.

முதல் படத்துக்கும் இரண்டாவதுக்கும் நடுவே
சும்மா கிடந்த நாலு வருஷத்தில்
குடித்தனம் பண்ணினார்கள்.
துப்பாக்கியே எடுக்காமல் ஓர் எபிசோட்:
தண்ணீர் ரேஷன் வரிசை, அவ்வளவுதான்.
அந்த வரிசையில்தான் ஓர்வெக்
முதல் பொய்யைச் சொல்கிறான், ஒரு குழந்தைக்காக.
அடுத்த பொய்க்குப் பத்து எபிசோட்.
பதினொரு நிமிடத்தில் கெட்டவனை
மூன்று சீசன் எடுத்து
மெல்ல மெல்லக் கெடுத்தார்கள்,
பால் திரிவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பதுபோல.

பிறகு சாம்பல் படை.
இரண்டாம் பாகத்துச் சுரங்கப் பாதையில்
நாயகன் சுடச்சுட விழுவார்களே, முகமூடிக்காரர்கள்,
மூட்டை சரிகிற மாதிரி, அவர்கள்.
பன்னிரண்டாவதாக விழுகிறவனின் தோள்பட்டையில்
மஞ்சள் டேப் ஒட்டியிருக்கும்.
உடைப் பிரிவில் யாரோ அவசரத்தில் ஒட்டியது.
படம் எடுத்தவர்களே கவனித்திருக்க மாட்டார்கள்.
கார்ட்டூன்காரர்கள் கவனித்தார்கள்.
அந்த டேப்பிலிருந்து ஓர் ஆளையே உரித்தெடுத்தார்கள்.
எண் நானூற்றுப் பதினொன்று.
தூக்கம் பத்தாதவன்.
கூட்டாளிகள் வைத்த பெயர் கொட்டாவி.
உயரம் என்றால் பயம்.
தோள்பட்டை கிழிந்தது எப்படி என்பதற்கே
தனியாக இருபத்திரண்டு நிமிடம்.

கடைசி எபிசோட்:
கொட்டாவி முகமூடியை மாட்டிக்கொண்டு
சுரங்கத்துக்குள் நடக்கிறான்.
அங்கேயே முடித்துவிட்டார்கள்.
மீதியை நாங்கள்
எட்டு வருஷம் முன்பே பார்த்திருந்தோம்,
விசில் அடித்தபடி.

மறுநாள் சி ஷிஃப்டில் வாயுக் கசிவு ஒத்திகை.
சைரன். உப்பனாற்றுப் பக்கமிருந்து அழுகின முட்டை வாடை,
அது ஒத்திகை இல்லை, தினமும் வருவது.
முப்பது பேர் முகமூடியில் நின்றோம்.
சேஃப்டி ஆபீஸர் நம்பர் நம்பராகக் கூப்பிட்டார்.
இடதுகாலில் பாரம் கொடுக்காமல் நிற்கிறவர்
இருதயராஜ் என்று எனக்குத் தெரியும்.
ஆபீஸருக்குத் தெரியாது.
தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

போன மாதம் நாலாம் பாகம் வருவதை ஒட்டி
இரண்டாம் பாகத்தை மறுபடி போட்டார்கள்.
இருவரும் போனோம்.
அதே படம். ஒரு ஃபிரேம்கூட மாறவில்லை.
அதே பதினொரு நிமிடம்.
ஓர்வெக் தலையைத் திருப்புகிறான், அவ்வளவுதான்,
எனக்குத் தண்ணீர் வரிசை ஞாபகம் வந்துவிட்டது.
மோசமான நடிப்பு என்று நான் திட்டிய அந்த முகம்
மூன்று சீசனாகத் தூங்காத முகமாக இருந்தது.

சுரங்கம் வந்தது. தியேட்டரே எழுந்து ஆடியது.
ஒன்பது. பத்து. பதினொன்று.
"டேய் கொட்டாவி, குனிடா!" என்றார் இருதயராஜ்,
கொஞ்சம் சத்தமாகவே.

முன்சீட்டுப் பையன் திரும்பிப் பார்த்தான்.
அவன் குனியவில்லை.